பல தட்டும் ஒரு பேழையும்

பொருளைத் தேடுதல் அரிது; தேடிய பொருளைச் சிதறாது காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மை பொன்னுக்கும் நெல்லுக்கும் மட்டும் உரியதன்று. அறிவுச் செல்வத்திற்கும் உரியது. கல்லில் வெட்டிய எழுத்து, கல்லின் வன்மையால் நிலைத்தது. ஓலையில் எழுதிய எழுத்து, காலந்தோறும் புதிய ஓலையில் பெயர்த்து எழுதப்பட்டமையால் நிலைத்தது. தாளில் அச்சிட்ட எழுத்து, படிகள் பலவாகப் பெருகினமையால் நிலைத்தது. இக்காலத்திலோ மருத்துவமனையின் நோய்க்குறிப்பும், வங்கியின் கணக்கும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும், நிலத்தின் உரிமை ஆவணமும் கணினியின் வன்தட்டுகளில் எழுதப்படுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அவ்வெழுத்து எவ்வாறு காக்கப்படுகிறது? காப்பவர் எங்கே தவறுகின்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது பயனுடையது.

முதற்கண் ஓலைச்சுவடி ஒன்றை மனத்திற் கொள்க. அதில் இருநூறு ஏடுகள் உள்ளன. ஏடுதோறும் துளை உண்டு. துளையின் வழியே கயிறு ஓடுகிறது. ஏட்டின் ஓரத்தில் அதன் எண் எழுதப்பட்டுள்ளது. ஒரு நாள் கயிறு அறுந்து ஏடுகள் சிதறின. ஓரங்கள் நைந்து போனமையால் எண்களும் தெரியவில்லை. இப்பொழுது ஏடு ஒன்றேனும் தொலைந்ததா? இல்லை. எழுத்து ஒன்றேனும் அழிந்ததா? அதுவும் இல்லை. ஆயினும் நூல் இல்லாமற் போயிற்று. எந்த ஏட்டின் பின் எந்த ஏடு வரவேண்டும் என்று அறியாதவன் கையில் இருப்பவை இருநூறு ஓலைகளே. ஒரு நூல் அன்று. ஏடு வேறு, ஏடுகளை நூலாக்கும் ஒழுங்கு வேறு. இவ்விரண்டனுள் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிடுபவன் இரண்டையும் இழக்கின்றான். கணினித் தட்டுகளின் காப்பு முறையிலும் இதுவே உயிரான கருத்தாகும்.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகளைத் தன்னகத்தே கொண்ட ஒரு பெட்டி. தகடுகள் விரைந்து சுழலும். அவற்றை ஒட்டி நகரும் நுண்ணிய முனைகள் எழுத்துகளைக் காந்தக் குறிகளாகப் பதிக்கும். வேண்டும்போது அவற்றைப் படிக்கும். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுப் பெட்டியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுடைய 50 தகடுகள் அதனுள் இருந்தன. அத்துணைப் பெரிய பெட்டி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்று கையில் அடங்கும் ஒரு தட்டு பல டெராபைட்டுகளைத் தாங்குகிறது. ஒரு டெராபைட்டு என்பது ஓர் இலட்சம் கோடி பைட்டு ஆகும். ஆங்கில எழுத்து ஒன்றை எழுத ஒரு பைட்டு போதும். இங்ஙனம் அளவு சுருங்கிற்று, கொள்ளளவு பெருகிற்று. ஆயின் ஒரு குறை மட்டும் நீங்கவில்லை. சுழல்வது தேயும், தேய்வது ஒரு நாள் நிற்கும். சுழலும் உறுப்பு இல்லாத திண்மநிலைத் தட்டுகளும் இன்று வழங்குகின்றன. அவையும் எழுத எழுதத் தேய்வனவே. ஆகவே, தட்டு பழுதாகுமா என்பது வினா அன்று. பழுதாகும் நாளில் அதிலுள்ள எழுத்து என்னாகும் என்பதே வினா.

இவ்வினாவுக்குத் தெளிவான விடை 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் கணினிகள் விலை மிக்க பெருந்தட்டுகளைப் பயன்படுத்தின. தனியாள் கணினிகளுக்கென விலை குறைந்த சிறுதட்டுகளும் சந்தைக்கு வந்திருந்தன. பெருந்தட்டு ஒன்றுக்கு மாற்றாகச் சிறுதட்டுகள் பலவற்றை ஒருங்கே இயக்கினால் என்ன என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்து அறிஞர் மூவர் ஆராய்ந்தனர். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்போர் அம்மூவர். பல தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதலாம், படிக்கலாம். ஆதலின் விரைவு மிகும். செலவோ குறையும். கேட்பதற்கு இஃது இனிதாகவே தோன்றும்.

ஆனால் அவர்கள் தம் கட்டுரையிலேயே இதன் இடரையும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு சிறுதட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் என்று கொள்க. அத்தகைய தட்டுகள் நூற்றினை ஒன்றாகப் பிணைத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்குச் சராசரியாக ஆகும் காலம் 30,000-ஐ 100-ஆல் வகுத்த அளவே; அஃதாவது 300 மணி நேரம். பதின்மூன்று நாளும் முழுமையாக நில்லாத அத்தகைய பேழையில் எவர் தம் பொருளை வைப்பர்? பலர் கூடிச் சுமக்கும் சுமையில் ஒருவர் சாய்ந்தாலும் சுமை சரியும் என்றால், ஆள் பெருகப் பெருக இடரும் பெருகும். ஆகவே ஒருவர் சாய்ந்தாலும் எஞ்சியோர் சுமையைத் தாங்கும் வகையை அவர்கள் வகுத்துரைத்தனர். இம்முறைக்கு 'மலிவான தட்டுகளின் மிகைக்காப்பு அணி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டனர். அப்பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ரெய்டு' என வழங்கலாயின. பிற்காலத்தில் 'மலிவான' என்னும் சொல்லுக்கு மாறாகத் 'தனித்தனியான' என்னும் சொல் அப்பெயரில் இடம்பெற்றது. இழந்த பகுதியை எஞ்சிய பகுதிகளைக் கொண்டு மீட்கும் ஒரு முறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் கென் ஓச்சி என்பவர் 1978-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒருவர் சாய்ந்தாலும் சுமை சரியாத வகை யாது? இருவகை வழிகள் உள. முதல் வழி, இரட்டித்தல். ஒரு தட்டில் எழுதுவதை எல்லாம் அதே நேரத்தில் மற்றொரு தட்டிலும் எழுதுதல் வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று அப்படியே நிற்கும். இது மிக எளியது. ஆயினும் பாதி இடம் படிக்கே செலவாகிறது.

இரண்டாம் வழி நுட்பமானது. எழுத்துகளைச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்துத் தட்டுதோறும் முறையாகப் பங்கிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சமநிலைக் குறியைக் கணக்கிட்டு எழுதுதல் அவ்வழி. கணினியின் எழுத்துகள் யாவும் ஒன்று, சுழி என்னும் இரண்டு இலக்கங்களால் ஆனவை. முதல் தட்டில் 1011 என்றும், இரண்டாம் தட்டில் 0110 என்றும், மூன்றாம் தட்டில் 1100 என்றும் எழுதியிருப்பதாகக் கொள்க. ஒவ்வோர் இடத்திலும் உள்ள ஒன்றுகளை எண்ணுக. அவ்வெண்ணிக்கை இரட்டைப்படையாயின் சமநிலைக் குறி சுழி. ஒற்றைப்படையாயின் குறி ஒன்று. இவ்வாறு கணக்கிட்டால் நான்காம் தட்டில் 0001 என வரும். இப்பொழுது இரண்டாம் தட்டு பழுதாயிற்று என்க. எஞ்சிய 1011, 1100, 0001 ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அதே முறையில் எண்ணினால் 0110 என்னும் விடை கிடைக்கும். இழந்த தட்டில் இருந்ததும் அதுவே! எழுதுகோல் கொண்டு மாணவர் தாமே இதனைச் செய்து பார்க்கலாம். நான்கு தட்டுகளுள் எதனை மறைத்தாலும் எஞ்சிய மூன்றும் அதனைச் சொல்லிவிடும்.

இவ்வழிகளை ஒட்டி ரெய்டு முறையில் பல நிலைகள் உள்ளன. 4 டெராபைட்டு கொள்ளளவுடைய தட்டுகள் நான்கினை எடுத்துக்கொள்வோம். காப்பு ஏதுமின்றிப் பங்கிட்டு மட்டும் எழுதுவது சுழிய நிலை. அதில் 16 டெராபைட்டும் பயன்படும். ஆனால் ஒரு தட்டு போயின் அனைத்தும் போம். இரண்டிரண்டாக இரட்டித்துப் பங்கிடுவது பத்தாம் நிலை; அதில் 8 டெராபைட்டு பயன்படும். சமநிலைக் குறியை ஒரே தட்டில் வைக்காமல் எல்லாத் தட்டுகளிலும் சுழற்றி எழுதுவது ஐந்தாம் நிலை. அதில் 12 டெராபைட்டு பயன்படும். ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். இருவகைக் குறிகளை எழுதுவது ஆறாம் நிலை. அதில் 8 டெராபைட்டே பயன்படும். எனினும் எவ்விரண்டு தட்டுகளின் இழப்பையும் தாங்கும். காப்பு மிகுதியாக வேண்டுபவர் இடத்தை மிகுதியாகக் கொடுக்க வேண்டும். விலையின்றி வரும் காப்பு ஒன்றும் இல்லை.

இவ்வாறு பிணைக்கப்பட்ட தட்டுகளின் தொகுதியைத் தட்டணி எனலாம். தட்டணியை ஆளும் கருவிக்குக் கட்டுப்படுத்தி என்று பெயர். எழுத்தைப் பங்கிடுவதும், சமநிலைக் குறியைக் கணக்கிடுவதும், பழுதான தட்டைக் கண்டறிந்து அறிவிப்பதும் அதன் கடமை. சில கணினிகளில் இக்கடமையை மென்பொருளே ஆற்றுகிறது. கட்டுப்படுத்தி, தட்டணியில் உள்ள இடத்தைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு தனித் தட்டுப்போலக் கணினிக்குக் காட்டும். அவ்வாறு காட்டப்படுவதே தருக்கத் தட்டு ஆகும். அது கையால் தொடத்தக்கதன்று. கருத்தளவில் மட்டும் ஒன்றாக நிற்பது. மேற்சொன்ன ஐந்தாம் நிலைத் தட்டணியின் 12 டெராபைட்டில் 1 டெராபைட்டைக் கணினியின் இயக்க அமைப்பிற்கென ஒரு தருக்கத் தட்டாகவும், 11 டெராபைட்டை ஆவணங்களுக்கென மற்றொரு தருக்கத் தட்டாகவும் அமைக்கலாம். கணினிக்குத் தெரிபவை இவ்விரண்டே. உள்ளே நான்கு தட்டுகள் உழைப்பதை அது காண்பதில்லை.

தருக்கத் தட்டினை ஆள்பவர் இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒரே தட்டணியிற் பிறந்த தருக்கத் தட்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழும் அறைகளைப் போன்றன. அறைகள் பலவாயினும் கூரை ஒன்றே. ஐந்தாம் நிலைத் தட்டணியில் இரண்டு தட்டுகள் ஒருசேரப் பழுதானால், அதன்மேல் அமைந்த தருக்கத் தட்டுகள் அனைத்தும் வீழும். ஆவணத்தை ஒரு தருக்கத் தட்டிலும் அதன் படியை அதே தட்டணியின் மற்றொரு தருக்கத் தட்டிலும் வைப்பது, ஒரே வீட்டின் ஈர் அறைகளில் பொருளைப் பிரித்து வைத்துவிட்டு வீடு தீப்பற்றினாலும் பாதி பிழைக்கும் என்று எண்ணுவதை ஒக்கும்.

தருக்கத் தட்டு எங்கே நிலைபெற்றுள்ளது? எத்தனை தட்டுகள், அவை எவ்வரிசையில் நிற்கின்றன, எந்நிலையில் பிணைந்துள்ளன, ஒரு பட்டையின் அளவு என்ன, தருக்கத் தட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பனவற்றைக் கூறும் ஒரு சிறு குறிப்பில்தான் அது நிலைபெற்றுள்ளது. இதனை அமைப்புக் குறிப்பு எனலாம். சுவடிக்குக் கயிறும் ஏட்டெண்ணும் எப்படியோ, தட்டணிக்கு அமைப்புக் குறிப்பு அப்படி. பல டெராபைட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டால் அக்குறிப்பு கடுகளவே. ஆயினும் அக்கடுகை இழந்தால் மலையை இழந்ததாகும். பட்டையின் அளவு 64 கிலோபைட்டு என்று அறியாமல் 256 எனக் கொண்டு படித்தால், எழுத்து யாவும் இருந்தும் ஒரு சொல்லும் பொருள்படாது. தட்டுகளின் வரிசை மாறினும் அவ்வாறே.

இதனை அறிந்த பொறியியல் வல்லுநர் அமைப்புக் குறிப்பைப் பல இடங்களில் எழுதி வைக்க வழிசெய்தனர். பல கட்டுப்படுத்திகள், மின்சாரம் நின்றாலும் அழியாத தம் நினைவகத்தில் அதனை வைத்திருக்கும். தட்டுகளிலும் அதற்கென ஒதுக்கிய சிறிய இடத்தில் ஒவ்வொன்றிலும் எழுதி வைக்கும். ஒவ்வோர் ஏடும் தான் எந்நூலைச் சேர்ந்தது, எத்தனையாவது ஏடு என்று தானே சொல்வதுபோல, ஒவ்வொரு தட்டும் தான் எவ்வணியைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு என்று சொல்லும். இதனால் ஒரு பெரும் பயன் உண்டு. கட்டுப்படுத்தியே பழுதானாலும், அதற்கு ஒத்த வேறொரு கட்டுப்படுத்தியைப் பொருத்தித் தட்டுகளை அதனுடன் இணைத்தால், அது தட்டுகளிலுள்ள குறிப்பைப் படித்துத் தட்டணியை மீண்டும் எழுப்பிவிடும். இவற்றோடு அமைப்புக் குறிப்பை ஒரு கோப்பாக வெளியே எடுத்துச் சேமிக்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு.

பழைய தட்டுகளைக் கண்ட புதிய கட்டுப்படுத்தி, 'தன்னால் எழுதப்படாத அயல் அமைப்பு ஒன்று இத்தட்டுகளில் உள்ளது. அதனை ஏற்பதா, அழிப்பதா?' என்று கேட்கும். இதுவே மிகுந்த விழிப்பு வேண்டும் இடம். 'அயல்' என்னும் சொல்லைக் கண்டு, அது வேண்டாத குப்பை என எண்ணி, 'அழிக்க' என்று விடை கொடுத்தவர் சிலர் உளர். அயல் என்பது அக்கட்டுப்படுத்திக்கே அயல். ஆவணத்தின் உரிமையாளருக்கு அதுவே உறவு. முதலில் எல்லாத் தட்டுகளும் பொருந்தியுள்ளனவா என்று காண வேண்டும். தட்டு ஒன்று விடுபட்டிருப்பின் அதனைத் தேடிச் சேர்க்க வேண்டும். அதன் பின்னரே 'ஏற்க' என விடை தருதல் வேண்டும்.

தருக்கத் தட்டை நீக்குதலும் இத்தகையதே. நீக்குக என்று ஆணையிட்ட நொடியில் மறையும். உள்ளே எழுதிய எழுத்துகள் உடனே துடைக்கப்படாமல் இருக்கலாம். எனினும் அவற்றை அடையும் வழி அடைபட்டுவிடும். அதன்மேல் புதிதாக ஒன்றை அமைத்துத் தட்டுகளைத் துடைத்துத் தொடங்கினாலோ, எழுத்தும் மறையும். கல்லில் எழுதியதை அழிக்க உளியும் உழைப்பும் வேண்டும். ஓலையில் எழுதியதை அழிக்கத் தீயேனும் செல்லேனும் வேண்டும். தருக்கத் தட்டினை அழிக்க ஒரு விரலசைவு போதும். ஆதலின் நீக்கும் முன், எத்தருக்கத் தட்டு, அதில் உள்ளது யாது, அதற்குப் படி உண்டா என்று மும்முறை கேட்டுக்கொள்ளுதல் அறிவுடையோர் வழக்கம்.

இவ்வொழுக்கத்தின் அருமை இடர்வேளையில் தெரியும். ஒரு மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தைக் கற்பனை செய்க. ஐந்தாம் நிலையில் நான்கு தட்டுகள் உழைக்கின்றன. நள்ளிரவில் மூன்றாம் தட்டு பழுதாகிறது. கட்டுப்படுத்தி ஒலி எழுப்புகிறது. தருக்கத் தட்டு நன்னிலையிலிருந்து குறைநிலைக்கு வந்ததாக அறிவிக்கிறது. நோயாளிகளின் குறிப்புகள் இன்னும் கிடைக்கின்றன. எஞ்சிய மூன்று தட்டுகளும் இழந்ததைக் கணக்கிட்டுக் கொடுக்கின்றன. எனவே எவருக்கும் தொல்லை தெரியவில்லை. ஆயினும் இப்பொழுது காப்பு இல்லை. இன்னும் ஒரு தட்டு போயின் அனைத்தும் போம். காவற்பணியாளர் ஒருவர் விரைந்து வருகின்றார். தட்டுகளின் எண் முதலிலிருந்து தொடங்குகிறதா, சுழியிலிருந்து தொடங்குகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் அடுத்திருந்த நல்ல தட்டை உருவிவிடுகின்றார். தருக்கத் தட்டு வீழ்கிறது. காப்பகம் முழுவதும் நின்றுபோகிறது. இங்கே அழிவைக் கொணர்ந்தது தேய்ந்த தட்டா? அன்று. தட்டு தன் பங்கிற்கு முன்னரே அறிவித்திருந்தது. எது எங்கே உள்ளது என்னும் குறிப்பு இல்லாமையே அழிவைக் கொணர்ந்தது.

அதே காப்பகத்தில் ஒழுங்கறிந்தவர் ஒருவர் இருந்தால் என் செய்வார்? முதலில் அறிவிப்பை முழுமையாகப் படிப்பார். பழுதான தட்டின் இடத்தையும் அதன்மேல் அச்சிட்ட வரிசை எண்ணையும் தம் பதிவேட்டோடு ஒப்பிடுவார். அத்தட்டின் விளக்கை மட்டும் மினுக்கச் செய்யும் வசதி இருப்பின் அதனைக் கொண்டு உறுதி செய்வார். அதன்பின் அதே கொள்ளளவோ அதற்கு மேற்பட்ட கொள்ளளவோ உடைய புதிய தட்டைப் பொருத்துவார். கட்டுப்படுத்தி, இழந்த எழுத்துகளைக் கணக்கிட்டுப் புதிய தட்டில் எழுதத் தொடங்கும். 4 டெராபைட்டுத் தட்டில் நொடிக்கு 100 மெகாபைட்டு வீதம் எழுதினாலும் அப்பணி முடிய 11 மணி நேரம் ஆகும்; இடையே வேறு பணிகளும் நடப்பின் இன்னும் நீளும். அதுவரை தட்டணி காப்பின்றி நிற்கிறது என்பதை அவர் அறிவார். வேறு மாற்றம் எதனையும் செய்யார். ஆள் வரும்வரை காத்திராமல் இப்பணி தானே தொடங்கும் பொருட்டு, பணியின்றிக் காத்திருக்கும் தட்டு ஒன்றை முன்னரே பொருத்தி வைப்பதும் உண்டு.

சில வேளைகளில் பழுதானதாக விலக்கப்பட்ட தட்டு மீண்டும் உயிர் பெற்றதுபோல் தோன்றும். அதனை அப்படியே அணியிற் சேர்த்தல் கூடாது. அது விலகியிருந்த காலத்தில் எழுதப்பட்டவை அதனிடம் இல்லை. அது பழைய கதையையே சொல்லும். இதனைக் கண்டறியவே பல அமைப்புகளில் மாற்றந்தோறும் வளரும் ஓர் எண்ணைத் தட்டுகளின் குறிப்பில் எழுதுகின்றனர். எண் பின்தங்கிய தட்டு பழையது எனத் தெளியலாம். அதனைப் புதிய தட்டாகவே கருதி மீண்டும் முழுதும் எழுதுவித்தல் வேண்டும்.

சேமித்த அமைப்புக் குறிப்பையும் இவ்வாறே காலத்தோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். சென்ற ஆண்டு மூன்று தட்டுகளோடு இருந்த அணி, இவ்வாண்டு நான்கு தட்டுகளாக விரிந்திருக்கலாம். விரிக்கும்போது எழுத்துகள் யாவும் புதிய வரிசையில் மீண்டும் பங்கிடப்படும். அதன்பின் சென்ற ஆண்டுக் குறிப்பை எடுத்து ஏற்றினால், புதிய ஊருக்குப் பழைய வரைபடம் கொண்டு வழி தேடுவதாக முடியும். வழி தவறியவன் திரும்பலாம். தவறான வரைபடத்தின்படி எழுதப்பட்ட தட்டு திரும்பாது. எனவே ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அமைப்புக் குறிப்பைப் புதிதாகச் சேமித்து, அதன்மேல் நாளையும், மாற்றத்தின் காரணத்தையும், செய்தவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். அச்சிட்ட ஒரு படியும் இருத்தல் நலம். அக்கோப்பை, அது விளக்கும் தருக்கத் தட்டிலேயே வைத்தல் ஆகாது. பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவனுக்குத் திறவுகோல் இருந்தும் இல்லாததே.

இனி, இவை எல்லாவற்றையும் பிழையறச் செய்தவரும் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அமைப்புக் குறிப்பு ஒழுங்கை மீட்கும். அழிந்த எழுத்தை மீட்காது. இரட்டித்தலும் சமநிலைக் குறியும் தட்டின் பழுதிலிருந்து காக்கும். மனிதரின் பிழையிலிருந்து காவா. ஜர்னல்ஸ்பேஸ் என்னும் இணையத்தளத்தில் பலர் தம் நாட்குறிப்புகளை எழுதி வந்தனர். அதன் தரவுகள் ஒன்றற்கொன்று படியாகிய இரண்டு தட்டுகளில் இருந்தன. அவ்விரட்டையையே காப்பு என நம்பி, வேறு காப்புப் படி எடுக்காமல் இருந்தனர். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தரவுகள் மேலெழுதப்பட்டு அழிந்தன. தட்டுகள் இரண்டும் பழுதின்றியே இருந்தன. ஆயின் ஒன்றில் அழிந்தது, முறை தவறாமல், மற்றொன்றிலும் அழிந்தது. பலர் பல நாள் எழுதிய எழுத்து மீளவில்லை, தளமும் மூடப்பட்டது. கண்ணாடி, எதிர்நிற்பவர் சிரித்தால் சிரிக்கும், அழுதால் அழும். 'இது தவறு, செய்யற்க' என்று ஒருபோதும் சொல்லாது. இரட்டைத் தட்டும் அத்தகையதே. எனவே வேறொரு கருவியில், இயலுமாயின் வேறொரு கட்டடத்தில், காப்புப் படி தனியே இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்த்தலும் வேண்டும்.

தட்டணியைக் காப்பவர் கடமை, ஆகவே, மூன்று வகைப்படும். தட்டுகளைக் காத்தல் ஒன்று; தட்டுகளை ஒன்றாக்கும் அமைப்புக் குறிப்பைக் காத்தல் மற்றொன்று; இவ்விரண்டும் தவறும் நாளுக்கெனக் காப்புப் படியைத் தனியே காத்தல் மூன்றாவது. முதற்கடமையைக் கருவியே பெரும்பாலும் செய்துவிடுகிறது. ஏனைய இரண்டும் மனிதரின் ஒழுக்கத்தைச் சார்ந்தன. ஏட்டின் ஓரத்தில் எண்ணிட்டு, கயிற்றால் கட்டி, வேறொரு படியும் எழுதி வைத்த பழங்காலத்து ஏடெழுதுவோன் செய்தவையும் இம்மூன்றே. அவன் கையில் எழுத்தாணி இருந்தது. இக்காலத்தவர் கையில் கட்டுப்படுத்தி இருக்கிறது. கருவி மாறினும் கடமை மாறவில்லை.

அவன் எண்ணிட்ட ஏடு இன்றும் படிக்கப்படுகிறது. எண்ணிடாத ஏட்டில் என்ன இருந்தது என்பதை அறிந்தார் எவருமிலர்.